பழுது எண் புகார்தான், தீர்ப்பல்ல



நம் சங்க மலரில் விழாச் செய்திகளும், பிள்ளைகளின் தேர்ச்சி விவரங்களும், சமையல் குறிப்புகளும் வருவது வழக்கம். அவற்றுக்கு நடுவே லாரியின் ஒரு வால்வைப் பற்றிக் கட்டுரையா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஆந்திரத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது லாரிச் சக்கரம் சுழல்வதால்தான். சிலர் வண்டி வைத்திருக்கிறோம், சிலர் ஓட்டுகிறோம், சிலருடைய பிள்ளைகள் பட்டறையில் வேலை பார்க்கிறார்கள். வண்டி ஒரு வாரம் நின்றுவிட்டால் அந்த வீட்டில் பள்ளிக் கட்டணம் நிற்கிறது. ஆகவே இது நம் வீட்டு விஷயம்தான்.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவன். டீசல் இன்ஜின்களோடு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றேன். லாரி என் துறை அன்று. ஆனால் இன்ஜின் என்பது தண்டவாளத்தில் ஓடினாலும் தார் ரோட்டில் ஓடினாலும் ஒரே ஜாதிதான். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

நடந்தது வரதய்யபாளையத்தில். ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தடாவிலிருந்து ஸ்ரீகாளஹஸ்தி போகும் வழியில் இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. 2008-இல் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு இந்தப் பக்கத்துச் சாலைகளின் முகமே மாறிவிட்டது. சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா மண்டலங்களில் விரிந்து கிடக்கும் அந்தப் பேட்டைக்குப் பகலென்றும் இரவென்றும் இல்லாமல் சரக்கு போய் வருகிறது. 2016-இல் இசுஸு நிறுவனம் அங்கேயே வண்டி தயாரிக்கத் தொடங்கியது. வண்டி பெருகினால் பட்டறை பெருகும். பட்டறைகளில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஐப்பசி மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு இருப்பது ஒரே லாரி, அதுவும் மாதத் தவணையில். பின்னாலேயே பட்டறையில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் பையன் ஒருவனும் வந்தான். என் நண்பரின் மகன். ஐ.டி.ஐ. முடித்தவன்.

"சார், டாஷ்போர்டுல லைட்டு மூணாவது தடவையா வந்திருச்சுங்க. வால்வு போச்சுன்னாங்க, புதுசு வாங்கிப் போட்டேன். ரெண்டு நாள்தான் நல்லா ஓடுச்சு. இப்ப கம்ப்யூட்டர் பெட்டியே மாத்தணுங்கறாங்க. தவணைக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டே, "மாமா, ஸ்கேனர் போட்டா அதே நம்பர்தான் வருது. வால்வு புதுசுதான், நானே மாட்டினேன்" என்றான். அவன் மேல்தான் பழி விழுந்திருந்தது. வேலை தெரியாதவன் என்று பட்டறையில் பேச்சு.

என்ன வால்வு என்று கேட்டேன். யூரியா டேங்குக்குக் கூலன்ட் அனுப்பும் வால்வு என்றார்கள். அதன் மின்சுற்றில் பழுது என்பதுதான் ஸ்கேனர் காட்டிய செய்தி.

வெயில் ஊரில் எதற்கு இந்த வால்வு?

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 என்ற மாசுக் கட்டுப்பாடு வந்தது. 2017-இல் நாடெங்கும் வந்த பி.எஸ். 4-க்குப் பிறகு, ஐந்தைத் தாண்டி நேராக ஆறுக்குப் போனோம். டீசல் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு மூச்சுக் குழலுக்குக் கேடு. அதைக் குறைக்க, சைலன்சர் போகும் வழியில் ஒரு திரவத்தைத் தெளிக்கிறார்கள். டிரைவர்கள் யூரியா என்கிறார்கள்; கடையில் ஆட்புளூ என்றோ டி.இ.எஃப். என்றோ கேன்களில் விற்பது அதுதான். நூற்றுக்கு 32.5 பங்கு சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். சூட்டில் அது அம்மோனியாவாகி, நச்சுப் புகையை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது.

இந்தத் திரவம் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறைந்துவிடும். உறைந்தால் தெளிக்க முடியாது. ஆகவே பல லாரிகளில், இன்ஜினைச் சுற்றிவரும் சூடான கூலன்டில் ஒரு கிளையைப் பிரித்து யூரியா டேங்குக்குள் விடுகிறார்கள். குளிர்காலத்தில் மட்டும் அந்தக் கிளையைத் திறந்துவிடும் காவல்காரன்தான் நம் கூலன்ட் வால்வு. உள்ளே ஒரு காயில், இரண்டு வயர், ஒரு கப்ளர். மின்சாரம் வந்தால் திறக்கும், நின்றால் மூடும். வேறு சில வண்டிகளில் கூலன்டுக்குப் பதிலாக மின்சார ஹீட்டர் இருக்கும்.

இதைக் கேட்டதும் லாரிக்காரர் சிரித்துவிட்டார். "தடாவுல எங்கீங்க ஐஸ் உறையுது?" நியாயமான கேள்விதான். ஆனால் இன்று இங்கே சரக்கு ஏற்றும் வண்டியை நாளை லடாக்கில் ஒருவர் வாங்கி ஓட்டலாம். கார்கில் பக்கத்து திராஸில் மார்கழி, தை மாதங்களில் அந்தக் குளிர் சாதாரணம். வண்டி எல்லா ஊருக்கும் சேர்த்துத்தான் கட்டப்படுகிறது.

வால்வுக்கு வேலையே இல்லாத ஊரிலும் கம்ப்யூட்டர் அதை விடுவதில்லை. வால்வைத் திறக்காவிட்டாலும், வயர் இருக்கிறதா, காயில் இருக்கிறதா என்று மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பிச் சோதித்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் விளக்கை ஏற்றிவிடும். புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் பழுது நீடித்தால் சில வண்டிகளில் இழுவையும் குறைந்துவிடும். இங்கே ஒருநாளும் தேவைப்படாத வால்வின் வயர் ஒன்று அறுந்ததற்காக, முழு பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் திணறும்.

எண் என்ன சொல்கிறது?

ஸ்கேனர் காட்டும் எண்ணைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. எந்தச் சாமான் கெட்டது என்று எண் சொல்லிவிடும் என்று நம்புகிறார்கள். அது அப்படிச் சொல்வதே இல்லை.

பெரிய லாரிகளுக்கு ஜே1939 என்று ஒரு பொது விதி உண்டு. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு வகுத்தது. அதன்படி பழுதுச் செய்தியில் முக்கியமாக இரண்டு எண்கள். எஸ்.பி.என். என்ற முதல் எண், எந்தச் சுற்று என்று சொல்லும். எஃப்.எம்.ஐ. என்ற இரண்டாவது எண், அந்தச் சுற்றில் என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். இரண்டாவது எண்ணைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை. சூட்சுமம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

மின்சாரப் பழுதுக்கு நான்கு எண்களை மனப்பாடம் செய்தால் போதும். 3 என்றால் இருக்க வேண்டியதைவிட வோல்ட் கூடுதல், அல்லது பாட்டரி வயரோடு ஷார்ட். 4 என்றால் வோல்ட் குறைவு, அல்லது எர்த்தோடு ஷார்ட். 5 என்றால் மின்சாரம் குறைவு, அல்லது சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. 6 என்றால் மின்சாரம் அதிகம், அல்லது எர்த் ஆகிவிட்டது. இதோடு 7 என்று ஒன்று உண்டு. அது வந்தால் மின்சாரம் போகிறது, ஆனால் சாமான் அசையவில்லை என்று பொருள்.

நம் லாரிக்கு வந்தது 5. அதாவது சுற்று அறுந்திருக்கிறது. எங்கே அறுந்தது? காயிலுக்குள் இருக்கலாம். கப்ளரின் பின் தளர்ந்திருக்கலாம். வழியில் வயர் அறுந்திருக்கலாம். கம்ப்யூட்டர் பக்கத்துக் கப்ளரில் இருக்கலாம். கடைசியாக, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கலாம். ஐந்து இடங்களில் ஒன்று என்று எண் புகார் கொடுக்கிறது. குற்றவாளி யார் என்ற தீர்ப்பை மனிதன்தான் விசாரித்து எழுத வேண்டும். விசாரிக்காமல் வால்வுக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

விசாரணை

நாங்கள் மூவரும் வண்டி நின்ற இடத்துக்குப் போனோம். நான் கையில் எடுத்துப்போனது இரண்டு. ஒன்று சாதாரண மல்டிமீட்டர். இன்னொன்று என் பழைய தோழன்: ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து நீண்ட இரண்டு வயர். டெஸ்ட் லாம்ப் என்போம். லாரிக்கு 24 வோல்ட் என்பதால் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பை அதில் மாட்டிக்கொண்டேன்.

பையனிடம் வேலையைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். முதலில் சாவியை எடுக்கச் சொன்னேன். வால்வின் கப்ளரைக் கழற்றி, வால்வின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் பார்க்கச் சொன்னேன். கணக்கு சுலபம். 24 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கும் காயில் என்றால் 24 ஓம் இருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி அளவு மாறும், கையேட்டில் போட்டிருப்பார்கள். எந்த வண்டியிலும் நல்ல காயில் சில பத்து ஓம்களில் ஏதோ ஒன்றைக் காட்டும். அறுந்த காயில் ஒன்றுமே காட்டாது. ஷார்ட் ஆன காயில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். புது வால்வு சரியாகவே காட்டியது. அதோடு, கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய வால்வையும் அளக்கச் சொன்னேன். அதுவும் ஏறக்குறைய அதே அளவைக் காட்டியது!

லாரிக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை. நல்ல வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல வால்வு ஒன்றைக் காசு கொடுத்து மாட்டியிருக்கிறார்கள். இரண்டு நிமிட அளவையை முதல் நாளே செய்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது வயர். பாட்டரியைத் துண்டித்து, கம்ப்யூட்டர் பக்கத்துக் கப்ளரையும் கழற்றி, வயரின் இரண்டு முனைகளையும் தனியாக்கினோம். மீட்டரை வைத்தால் பீப் என்றது. "வயரும் நல்லா இருக்கு மாமா. அப்ப கம்ப்யூட்டர்தானே?" என்றான் பையன்.

"அவசரப்படாதே தம்பி" என்று சொல்லி டெஸ்ட் லாம்பைக் கொடுத்தேன். தனியாக ஒரு பியூஸ் வைத்து, பாட்டரியிலிருந்து அந்த வயரின் ஒரு முனைக்கு மின்சாரம் கொடுத்து, மறுமுனையில் பல்பை மாட்டி எர்த் செய்தோம். முதல் வயரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. இரண்டாவது வயரில் பீடி நெருப்பு மாதிரி மங்கலாகச் சிவந்தது. சேசிஸை ஒட்டிப் போகும் வயர்க் கட்டைக் கையால் அசைத்துக்கொண்டே வரச் சொன்னேன். ஓரிடத்தில் பல்பு அணைந்தது. விட்டால் எரிந்தது.

கறுப்பு டேப்பைப் பிரித்தோம். யாரோ முன்பு அலங்கார விளக்கு மாட்டுவதற்காக, வழியில் போன வயரின் தோலைச் சீவி, ஒரு இழுப்பு எடுத்து முறுக்கிச் சுற்றியிருக்கிறார்கள். பிறகு விளக்கை எடுத்துவிட்டார்கள். சீவிய இடம் அப்படியே இருந்தது. மழைத் தண்ணீரும், பழவேற்காடு ஏரிப் பக்கத்து உப்புக் காற்றும் உள்ளே புகுந்து, செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒன்றிரண்டு இழைதான் மிச்சம். வால்வு மாற்றியபோது இந்தக் கட்டு அசைந்திருக்கிறது, இழைகள் தற்செயலாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இரண்டு நாள் நன்றாக ஓடியது. அந்த இரண்டு நாளை வைத்துக்கொண்டு, வால்வுதான் கெட்டிருந்தது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, அதே கனத்தில் புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடினான் பையன். ஆன செலவு ஒரு வேளை சாப்பாட்டுக் காசுகூட இல்லை. எண்ணை அழித்துவிட்டு ஓட்டினார்கள். மாதங்கள் ஆகிவிட்டன, விளக்கு திரும்ப வரவில்லை.

மீட்டர் ஏன் ஏமாற்றியது?

இதை இளைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டிஜிட்டல் மீட்டர் தன் வேலைக்கு மிகக் கொஞ்சம் மின்சாரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒரே ஒரு இழை போதும். வால்வு கேட்பது அதைப் போலப் பல மடங்கு. குழாயில் அடைப்பு இருந்தாலும் சொட்டுச் சொட்டாக ஒரு டம்ளர் நிறைந்துவிடும். அதைப் பார்த்துத் தண்ணீர் வருகிறது என்று சொல்லிவிடலாம். குடத்தை வைத்தால்தான் அடைப்பு தெரியும். டெஸ்ட் லாம்ப் குடம் மாதிரி. உண்மையான பாரத்தை வயர் மேல் ஏற்றிப் பார்க்கிறது.

ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் வயரில் டெஸ்ட் லாம்பைத் தொடவே கூடாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்னச் சாமான்கள் தாங்காமல் போய்விடலாம். இரண்டு முனையும் கழற்றிய பிறகுதான் பல்பு.

4 என்ற எண் வந்திருந்தால் வேறு வழி. வால்வின் கப்ளரைக் கழற்றிவிட்டு எண்ணை மறுபடி பார்க்க வேண்டும். 4 போய் 5 வந்தால், ஷார்ட் வால்வுக்குள் இருந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கழற்றிய பிறகும் 4 தான் என்றால் வால்வு நிரபராதி. வயரையோ கம்ப்யூட்டரையோ தேட வேண்டும். ஒரு பைசா செலவில்லாத சோதனை இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழியில் சிலர், வால்வே வேண்டாம் என்று இரண்டு ஹோஸையும் நேராக இணைத்துவிடுகிறார்கள். எண்பது, தொண்ணூறு டிகிரி கூலன்ட் ஓயாமல் யூரியா டேங்குக்குள் சுற்றினால், ஏற்கெனவே வெயிலில் காயும் திரவம் வெந்து கெட்டுப்போகும். விளக்கும் அணையாது, ஏனென்றால் பழுது வயரில் இருக்கிறது. வேறு சிலர் கம்ப்யூட்டரை ஏமாற்றும் பெட்டி ஒன்றை மாட்டி, யூரியாவே ஊற்றாமல் ஓட்டச் சொல்கிறார்கள். அது சட்டத்துக்கும் விரோதம். அந்தப் புகையைச் சுவாசிப்பதும் சாலையோரத்து நம் பிள்ளைகள்தான்.

நானும் செய்த தவறு

பட்டறைக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் யோக்கியன் போல நழுவுவது முறையல்ல. 1980-களின் இறுதியில் ஒரு டீசல் ஷெட்டில் சார்ஜ்மேனாக இருந்தேன். டபிள்யூ.டி.எம். 2 என்ற இன்ஜினில் ரேடியேட்டர் விசிறி சரியான சமயத்தில் ஓடவில்லை, தண்ணீர் சூடேறுகிறது என்று புகார். சூட்டைப் பார்த்து விசிறியை ஓட்டவிடும் ஸ்விட்ச் கெட்டிருக்கும் என்று முடிவு கட்டி, மாற்றச் சொன்னேன். மறுபடி புகார். மறுபடி மாற்றச் சொன்னேன். மூன்றாவது தடவை ஸ்விட்ச் கேட்டபோது, ஓய்வு பெறும் வயதில் இருந்த ஃபிட்டர் ஒருவர் தன் டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த இன்ஜினின் கட்டுப்பாட்டுச் சுற்று 72 வோல்ட். மீட்டரில் 72 காட்டிய டெர்மினலில் அவருடைய விளக்கு மினுக்கென்றுதான் எரிந்தது. வயர் முனையின் லக் உள்ளே பல இழைகள் முறிந்திருந்தன.

"சார், படிச்சவங்க மீட்டரைக் கேப்பீங்க. நாங்க விளக்கைக் கேப்போம். ரெண்டையும் கேட்டா தப்பு வராது" என்றார். அன்று அவர் முன்னால் கூசி நின்றேன். வரதய்யபாளையத்தில் அந்தப் பையனிடம் நான் கொடுத்தது அவர் கொடுத்த பாடத்தைத்தான்.

பின்னாளில் ரயில்வேயிலும் கம்ப்யூட்டர் இன்ஜின்கள் வந்தன. பழுதைத் திரையிலேயே எழுதிக் காட்டின. வேலை எளிதானது உண்மை. ஆனால் திரை வந்த பிறகு சாமான் மாற்றும் பழக்கம் கூடியது, அளந்து பார்க்கும் பழக்கம் குறைந்தது. இன்று லாரிப் பட்டறையில் பார்ப்பதும் அதே வியாதிதான். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவனுக்குச் சொன்ன முறையை மெக்கானிக்கும் கடைப்பிடிக்க வேண்டும். நோயைப் பார்ப்பதோடு நில்லாமல் அது எதனால் வந்தது என்று தேடிய பிறகே வைத்தியம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

எல்லாப் பழியையும் பட்டறைப் பையன் மேல் போடுவது அநியாயம். அவனிடம் ஸ்கேனர் இருக்கிறது; சர்க்யூட் படம் இல்லை. எந்த வயர் என்ன நிறம், கம்ப்யூட்டர் கப்ளரில் எத்தனையாவது பின்னுக்குப் போகிறது, காயில் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்ற விவரம் பெரும்பாலும் கம்பெனிப் பணிமனைக்குள்தான் இருக்கிறது. இருட்டறையில் கறுப்புப் பூனையைத் தேடச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

இந்த வழக்கு புதிதல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், பழுதறியும் கருவிகளையும் உதிரி பாகங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காகப் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பிறகு மேல்முறையீடுகள் நடந்தன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-இல் இதற்காக வாக்கெடுப்பே நடத்தி, வெளிப் பட்டறைகளுக்கும் பழுது விவரம் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நம் மத்திய அரசின் நுகர்வோர் துறையும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. குழு எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் மறுப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அரைகுறையாகத் தெரிந்தவன் கை வைத்தால் விபத்து வரும் என்கிறார்கள். அந்த லாரியின் வயரைச் சீவியதும் ஒரு வெளி ஆள்தானே! பிரேக், ஸ்டியரிங் போன்ற உயிர் விஷயங்களில் அவர்கள் கவலை சரி. கியாரண்டி இருக்கும் வண்டியைக் கம்பெனிப் பணிமனைக்கே கொண்டுபோங்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் படத்தைப் பூட்டி வைப்பதால் அரைகுறை வேலை நிற்கவில்லை. படம் இல்லாததால்தான் கண்ட வயரைச் சீவுகிறார்கள். கம்ப்யூட்டரின் ரகசியங்களை யாரும் கேட்கவில்லை. சர்க்யூட் படம், பின் எண்கள், ஓம் அளவு ஆகிய மூன்றையும் வண்டியோடு கொடுக்கும் கையேட்டில் அச்சடித்தால் போதும்.

வண்டி வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாமானை மாற்று என்று யார் சொன்னாலும், "அளந்து பார்த்தீர்களா? எவ்வளவு காட்டியது?" என்று கேளுங்கள். முழு எண்ணையும், அதன் கடைசிப் பகுதியையும் சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். அலங்கார விளக்கு, கூடுதல் ஹாரன் மாட்ட ஓடும் வயரைச் சீவ விடாதீர்கள். பியூஸ் வைத்துத் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். வயரில் ஊசி குத்திச் சோதிக்கவும் விடாதீர்கள். இன்றைய ஊசித் துளைதான் அடுத்த மழையில் பச்சைக் களிம்பு.

கடைசியாக நம் சங்கத்துக்கு. இங்கே வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்து, ஸ்கேனரில் ஆங்கிலம் பார்க்கிறார்கள். மூன்று மொழிக்கு நடுவே அர்த்தம் நழுவிப் போகிறது. நான் மேலே சொன்ன எண்களின் பொருளைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே தாளில் அச்சிட்டுப் பட்டறைகளில் ஒட்டலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க மன்றத்தில், மீட்டரும் பல்பும் பிடிக்கும் முறையைச் சொல்லித் தரலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளையும் வரட்டும். நமக்குச் சோறு போடும் மண் இது. பாடம் எடுக்க என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், ஒரு டம்ளர் காபி போதும்.

போன வாரம் அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். தன் கையாலேயே ஒரு டெஸ்ட் லாம்ப் செய்து எடுத்து வந்திருந்தான். "மாமா, நேத்து இன்னொரு வண்டி. சென்சார் மாத்தணும்னு சொன்னாங்க. மாத்தலை, எர்த் போல்ட்டு தளர்ந்திருந்துச்சு" என்றான். அவன் தலை அன்று குனிந்திருக்கவில்லை.

படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகளின் படங்களை நம் மலரில் போடுகிறோம். மகிழ்ச்சி. கையில் கரி படிந்த இந்தப் பிள்ளைகளின் படத்தையும் ஒரு பக்கத்தில் போடும் நாளை எதிர்பார்த்து முடிக்கிறேன்.